சூத்திரம் பாடமாக இருந்தும் கணக்கு ஏன் வருவதில்லை?

உப்புவெளியில் இருந்து ஒரு தாய் கேட்டிருந்தார்: "மகள் அடுத்த வருசம் ஓ.எல். பரீட்சை எடுக்கிறாள். விஞ்ஞானத்தில் சூத்திரம் எல்லாம் நல்ல பாடம். ஆனால் அமுக்கம், விசை, மின் இந்த மூன்றிலும் கணக்கு என்று வந்தால் பேனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிடுகிறாள். எந்தச் சூத்திரம் போடுவது என்று தெரியவில்லையாம். இன்னும் நிறையக் கணக்கு செய்யவிட்டால் சரிவருமா?"

தங்கச்சி, நிறையக் கணக்கு செய்வது நல்லதுதான். ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை வேறு.

நான் இருபது வருடத்துக்கு மேலாகத் திருகோணமலையில் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கணக்கில் நின்றுபோன பிள்ளையின் பக்கத்தில் போய் இருந்து, "இப்ப என்ன யோசிக்கிறாய்?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "எந்தச் சூத்திரம் எண்டு யோசிக்கிறன் சேர்." அந்த இடத்தில்தான் பிள்ளை வழி தவறுகிறது. கணக்கு எதைப் பற்றிப் பேசுகிறது என்று பிடிக்காமல் சூத்திரத்தைத் தேடினால் அது கிடைக்காது. அமுக்கக் கணக்கு என்றால், எந்தப் பரப்பின் மேல்? விசைக் கணக்கு என்றால், எந்தப் பொருளின் மேல்? மின் கணக்கு என்றால், எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில்? இதற்குப் பிள்ளை வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி. சொல்ல முடியாவிட்டால், சரியான சூத்திரத்தை எழுதி அதற்குள் பிழையான எண்ணைப் போட்டுவிட்டு வரும்.

அமுக்கத்தில் தொடங்குகிறேன். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டைக்குள் மான்கள் திரிவதை மகள் எத்தனையோ தடவை பார்த்திருப்பாள். அந்த மான் ஈரமணலில் நடந்தால் குளம்பு ஆழமாகப் பதியும். பக்கத்தில் நடக்கும் மனிதனின் கால் அந்த அளவுக்குப் பதியாது. இரண்டு பேருக்கும் திணிவு 60 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் இரண்டு பேரின் நிறையும் 600 நியூற்றன். மணலை அழுத்தும் விசை ஒன்றுதான். பரப்பு எது? மானுக்கு நான்கு குளம்பு, ஒவ்வொன்றும் 15 சதுர சென்ரிமீற்றர் என்றால் மொத்தம் 60. மனிதனுக்கு இரண்டு பாதம், ஒவ்வொன்றும் 150 என்றால் மொத்தம் 300.

இனி அலகு. ஒரு சதுர மீற்றரில் 10,000 சதுர சென்ரிமீற்றர் இருக்கிறது. 100 அல்ல. 60ஐ 10,000ஆல் வகுத்தால் 0.006 சதுர மீற்றர். விசையைப் பரப்பால் வகுத்தால் அமுக்கம்: 600ஐ 0.006ஆல் வகுக்க, மானின் கீழ் 100,000 பஸ்கால். மனிதனுக்கு 600ஐ 0.03ஆல் வகுக்க 20,000 பஸ்கால். ஐந்து மடங்கு வித்தியாசம். மணல் காட்டியதும் அதைத்தான்.

இதில் பிள்ளைகள் விழும் குழி, 60ஐ 100ஆல் வகுத்து 0.6 சதுர மீற்றர் என்று எழுதுவது. அப்படி எழுதின பிள்ளையிடம் நான் பிழை என்று சொல்வதில்லை. "0.6 சதுர மீற்றர் எவ்வளவு என்று கையால் காட்டு" என்பேன். நீளம் ஒரு மீற்றர், அகலம் 60 சென்ரிமீற்றர். பிள்ளை தன் முன்னால் இருக்கும் மேசையைப் பார்க்கும். மேசை அளவு குளம்போடு மான் நடக்குமா? அந்தப் பிழையை அந்தப் பிள்ளை திரும்பவும் விட்டதை நான் பார்த்ததில்லை. வந்த எண்ணைக் கையால் காட்டச் சொல்லும் இந்தப் பழக்கத்தை வீட்டில் நீங்களே தொடங்கலாம். அதற்கு விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை.

அப்புறம் ஒரு துணைக் கேள்வி கேளுங்கள்: மான் ஒரு காலைத் தூக்கினால் என்ன ஆகும்? விசை மாறாது, அதே 600 நியூற்றன். பரப்பு 45 சதுர சென்ரிமீற்றராகக் குறையும். அமுக்கம் ஏறத்தாழ 133,000 பஸ்காலாக ஏறும். எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அமுக்கம் விளங்கிவிட்டது.

திரவ அமுக்கத்தில் கேட்க வேண்டியது, அந்தப் பரப்பு நீர்மட்டத்தில் இருந்து நிலைக்குத்தாக எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் நீர்மட்டம் குழாய்க்கு 5 மீற்றர் மேலே இருந்தால், ஆழம் 5, நீரின் அடர்த்தி 1000, புவியீர்ப்பு ஆர்முடுகல் 10, மூன்றையும் பெருக்க 50,000 பஸ்கால். தாங்கி 500 லீற்றரா 1000 லீற்றரா என்பது இதில் வராது. குழாய் நேரே இறங்கினாலும் சுவரைச் சுற்றி வளைந்து வந்தாலும் மூடிய குழாயில் அமுக்கம் அதேதான். கேள்வியில் தாங்கியின் கொள்ளளவையும் குழாயின் நீளத்தையும் தந்திருந்தால், தந்த எண்ணை எல்லாம் பாவிக்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளை அங்கே தடுமாறும்.

ஒரு பரப்புக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதையும் சொல்லிக்கொடுங்கள். புறாத்தீவுப் பக்கம் 10 மீற்றர் ஆழத்துக்கு இறங்கும் சுழியோடியை எடுத்துக்கொள்வோம். கடல்நீரின் அடர்த்தி 1025 என்று எடுத்தால் நீரால் வரும் அமுக்கம் 102,500 பஸ்கால். மேலே இருக்கும் வளிமண்டலம் இன்னொரு 100,000. ஆகவே மொத்தம் 202,500. காதுச்சவ்வின் வெளிப்பக்கம் இவ்வளவு. உள்பக்கம் மேலே இருந்தபோது இருந்த 100,000 அப்படியே இருந்தால், சவ்வைத் தள்ளுவது இரண்டின் வித்தியாசமான 102,500. சவ்வின் பரப்பை 0.5 சதுர சென்ரிமீற்றர் என்று கொண்டால் விசை ஏறக்குறைய 5 நியூற்றன். அரைக் கிலோ சீனிப் பையை அந்தச் சின்னச் சவ்வில் வைத்த மாதிரி. சுழியோடிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதுவது உள்பக்க அமுக்கத்தையும் கூட்டி இதைச் சமப்படுத்தத்தான். கேள்வி "மொத்த அமுக்கம்" கேட்கிறதா, "நீரினால் ஏற்படும் அமுக்கம்" கேட்கிறதா என்பதை வாசிக்காமல் விட்டுப் புள்ளி இழந்த பிள்ளைகள் பலர்.

இந்த இடத்தில் ஒரு விசயம். மகள் யூடியூப்பில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்த்துப் படிப்பவள் என்றால் கவனம் தேவை. அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பார்க்கட்டும். ஆனால் சொல் மாறும். நம் புத்தகத்தில் கிலோகிராமில் அளப்பது திணிவு, நியூற்றனில் அளப்பது நிறை. அங்கே கிலோகிராமில் அளப்பது நிறை, நியூற்றனில் அளப்பது எடை. ஒரே "நிறை" என்ற சொல் இரண்டு கரையிலும் இரண்டு பொருளில் வருகிறது. நாம் அமுக்கம் என்பதை அவர்கள் அழுத்தம் என்கிறார்கள். நம் ஆர்முடுகல் அங்கே முடுக்கம். நம் வலு அங்கே திறன், ஆனால் நம் புத்தகத்தில் திறன் என்றால் கிடைத்த பயனுக்கும் பெய்ப்புக்கும் (உள்ளே கொடுத்ததற்கும்) உள்ள விகிதம். போதாக்குறைக்கு, சந்தையில் "மீன் நிறை எவ்வளவு?" என்று கேட்டால் நாமே "ரெண்டு கிலோ" என்றுதான் சொல்கிறோம். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பிள்ளை 10ஆல் பெருக்க மறந்துபோவதை நான் குற்றமாகவே எடுப்பதில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இந்தச் சோடிகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். குழப்பம் அதோடு தீரும்.

இனி விசை. மூன்றிலும் பிள்ளைகளை அதிகம் வாட்டுவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நம் கரைகளில் கரைவலை இழுப்பதை மகள் பார்த்திருப்பாள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டோடு ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்து, குதிக்காலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சரித்து இழுப்பார்கள். இப்போது பல இடங்களில் அந்த வேலையை உழவு இயந்திரம் செய்கிறது. நாம் ஆட்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு கயிற்றில் எட்டுப் பேர், ஒவ்வொருவரும் 200 நியூற்றன் விசையோடு இழுக்கிறார்கள். கயிறு ஒரே வேகத்தில் கரைக்கு வருகிறது. வலையின் பக்கமிருந்து கயிற்றில் செயற்படும் தடை விசை எவ்வளவு?

எட்டையும் 200ஐயும் பெருக்கி 1600 என்று எல்லோரும் எழுதுவார்கள். அதற்கு அடுத்த வரியில் சிக்கல். "தடை 1600ஐ விடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் சேர், இல்லாவிட்டால் வலை எப்படி வரும்?" என்பார்கள். நல்ல கேள்வி. கலிலியோவுக்கு முன் பெரிய பெரிய அறிஞர்களும் இப்படித்தான் எண்ணினார்கள். அசைவு இருந்தால் அந்தப் பக்கம் விசை கூடுதலாக இருக்க வேண்டும் என்பது நம் கண் சொல்லும் கதை. நியூற்றனின் முதலாம் விதி வேறு கதை சொல்கிறது: வேகம் மாறாவிட்டால் விளையுள் விசை, அதாவது எல்லா விசைகளும் சேர்ந்து மிஞ்சுவது, பூச்சியம். ஒரே வேகம் என்று கேள்வி சொல்லிவிட்டது. ஆகவே தடை சரியாக 1600 நியூற்றன். தொடக்கத்தில், நின்ற வலையை அசைக்கும் அந்தக் கணத்தில், இழுவை தடையை விடக் கூடுதலாக இருந்திருக்கும். அசைந்து ஒரே வேகத்துக்கு வந்த பிறகு இரண்டும் சமன். "ஒரே வேகத்தில்", "சீரான வேகத்துடன்", "ஓய்வில்" என்ற சொற்களுக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். அந்தச் சொல்லில் பாதி விடை இருக்கிறது.

இப்போது பொருளை மாற்றுவோம். கயிற்றை விட்டுவிட்டு, வரிசையில் நிற்கும் ஒருவரை மட்டும் எடுங்கள். அவர் மேல் என்னென்ன விசைகள்? பிள்ளைகள் உடனே "அவர் இழுக்கும் 200 நியூற்றன்" என்று எழுதுவார்கள். அது அவர் கயிற்றின் மேல் கொடுக்கும் விசை, அவர் மேல் இல்லை. அவர் மேல் கயிறு கொடுப்பது கடல் பக்கமாக 200 நியூற்றன். அப்படியென்றால் அவர் ஏன் கடலுக்குள் போகவில்லை? மணல் அவருடைய காலைக் கரைப்பக்கமாகத் தள்ளுகிறது, அதுவும் 200 நியூற்றன். குதிக்காலைப் புதைப்பது அதற்குத்தான். கீழ்நோக்கிப் பூமி இழுக்கிறது, மேல்நோக்கி மணல் தாங்குகிறது. நான்கு விசை, முடிந்தது.

நான் வகுப்பில் வைத்திருக்கும் சட்டம் ஒன்று: எழுதும் ஒவ்வொரு விசைக்கும் பக்கத்தில் அதைக் கொடுப்பவரின் பெயரை எழுத வேண்டும். கயிறு, மணல், பூமி, நீர். கொடுப்பவர் இல்லாத விசையைப் படத்தில் போடக்கூடாது. "முன்னால் போகும் விசை" என்று ஒன்றைப் பிள்ளைகள் அடிக்கடி போடுவார்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் பதில் இருக்காது, தாங்களே அழித்துவிடுவார்கள்.

ஆர்முடுகல் வரும் கணக்கும் இதே வழிதான். 400 கிலோகிராம் வள்ளத்தை மணலில் 900 நியூற்றனால் இழுக்கிறார்கள், உராய்வு 700. வள்ளத்தின் மேல் விளையுள் 200 நியூற்றன், அதை 400ஆல் வகுக்க செக்கனுக்குச் செக்கன் 0.5 மீற்றர். 900ஐ நேரே 400ஆல் வகுத்த பிள்ளை ஒரு விசையை மட்டும் பார்த்து மற்றதை விட்டுவிட்டது.

விசையும் அமுக்கமும் ஒரே கணக்கில் சந்திக்கும் இடம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை அங்கே கடலை, வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் 'பாதை' என்ற மிதவையில்தான் கடந்தோம். வாகனம் ஏறினால் பாதை கொஞ்சம் தாழும். எவ்வளவு? பாதையின் அடித்தளம் 60 சதுர மீற்றர் கொண்ட தட்டையான பரப்பு என்றும், ஏறிய வாகனம் 6000 கிலோகிராம் என்றும், கணக்கு இலகுவாக இருக்க நீரின் அடர்த்தி 1000 என்றும் எடுங்கள். கூடிய நிறை 60,000 நியூற்றன். பாதை மிதந்துகொண்டே இருப்பதால், நீர் அதை மேல்நோக்கித் தள்ளும் மேலுதைப்பும் அதே அளவு கூட வேண்டும். தாழ்ந்த உயரத்தை 60ஆல் பெருக்கினால் கூடுதலாக விலகிய நீரின் கனவளவு. அதை 1000ஆலும் 10ஆலும் பெருக்கினால் அந்த நீரின் நிறை; ஆக்கிமிடிசின் தத்துவப்படி கூடிய மேலுதைப்பு அதுதான். அது 60,000க்குச் சமன் என்றால் உயரம் 0.1 மீற்றர், பத்துச் சென்ரிமீற்றர்.

இதையே அமுக்கத்தால் செய்து பார்க்கட்டும். அடித்தளம் 0.1 மீற்றர் கூடுதல் ஆழத்துக்குப் போனதால் அங்கே அமுக்கம் 1000 பஸ்கால் கூடியது. அதை 60 சதுர மீற்றரால் பெருக்க 60,000 நியூற்றன். அதே விடை. ஆக்கிமிடிசின் தத்துவம் தனியாகப் பாடமாக்க வேண்டிய ஒன்றல்ல, ஆழத்தோடு அமுக்கம் கூடுவதால் வருவது என்று பிள்ளை தன் கையாலேயே கண்டுபிடிக்கும் இடம் இது. ஒரு பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கணக்கை இரண்டு வழியிலும் செய்யவிடுங்கள்.

மின்னுக்கு வருவோம். இங்கே கேட்க வேண்டியது எந்த இரண்டு புள்ளிகள் என்று. மின்கம்பியில் காகம் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில், மிக அருகருகே. இரண்டு கால்களுக்கும் இடையில் மின் அழுத்த வேறுபாடு (வோல்ற்றில் அளப்பது) இல்லை என்றே சொல்லலாம். கம்பிக்கும் நிலத்துக்கும் இடையில் எவ்வளவு இருந்தாலும், காகத்தின் இரண்டு காலுக்கு இடையில் இருப்பதுதான் காகத்துக்குக் கணக்கு. வோல்ற்று என்பது எப்போதும் "இதற்கும் அதற்கும் இடையில்" என்று சொல்ல வேண்டிய ஒன்று. தனி ஒரு புள்ளியின் வோல்ற்று என்றால் இன்னொரு புள்ளியைப் பூச்சியமாக வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம்.

வினாத்தாள்களில் விரும்பிக் கேட்கும் கணக்கு ஒன்று: 230 வோல்ற்று, 60 வாற்று என்று குறித்த ஒரு மின்குமிழும், 230 வோல்ற்று, 100 வாற்று என்று குறித்த இன்னொன்றும் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக, 230 வோல்ற்று வழங்கலுக்குத் தொடுக்கப்பட்டால் எது கூடப் பிரகாசிக்கும்? 100 வாற்றுக் குமிழ் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த 100 வாற்று, குமிழின் இரண்டு முனைக்கும் இடையில் முழு 230 வோல்ற்றும் இருந்தால்தான். தொடரில் அந்த 230 இரண்டு குமிழுக்கும் பிரிந்துபோகிறது. மாறாமல் இருப்பதாக நாம் கொள்வது தடையைத்தான். 230ஐ 230ஆல் பெருக்கி 60ஆல் வகுக்க, சின்னக் குமிழின் தடை ஏறத்தாழ 882 ஓம். அப்படியே 100ஆல் வகுக்க, பெரியதன் தடை 529 ஓம். கூட்ட 1411. மின்னோட்டம் 230ஐ 1411ஆல் வகுக்க 0.163 அம்பியர், இரண்டுக்கும் ஒன்றுதான். 60 வாற்றுக் குமிழுக்கு இடையில் 144 வோல்ற்று, மற்றதுக்கு 86. வலு முறையே 23 வாற்றும் 14 வாற்றும். சின்னக் குமிழ்தான் கூடப் பிரகாசிக்கிறது. உண்மையில் இழையின் தடை வெப்பத்தோடு மாறும், பரீட்சையில் அதை மாறிலியாகக் கொள்ளச் சொல்வார்கள்.

வீட்டில் எல்லாம் சமாந்தரம். ஒவ்வொரு சாதனமும் அதே இரண்டு கம்பிகளுக்கு இடையில், எல்லாவற்றுக்கும் 230 வோல்ற்று. அதனால் ஓட்டங்கள் கூடும். ஒரே எக்ஸ்ரென்சன் வயரில் 2000 வாற்றுக் கேத்தல், 1000 வாற்று அயன்பெட்டி, 700 வாற்று றைஸ் குக்கர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் 3700ஐ 230ஆல் வகுக்க 16 அம்பியருக்கு மேல். பிளக்கில் இருக்கும் உருகி 13 அம்பியர். கொப்பியில் மட்டும் செய்து பார்க்க வேண்டிய கணக்கு இது, சுவரில் செய்து பார்க்கக்கூடாது. இதைச் செய்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவின் குசினியில் வயரைப் பிரித்துப் போடச் சொன்னதாகக் கேட்டிருக்கிறேன். மின் கட்டணக் கணக்கு இதைவிட இலகு: கிலோவாற்றையும் மணித்தியாலத்தையும் பெருக்கினால் யூனிற். அந்த அயன்பெட்டி அரை மணித்தியாலத்துக்கு அரை யூனிற்.

சரி, வீட்டில் எப்படித் தொடங்குவது? கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுங்கள். ஒரு கணக்கில் வரும் எண்கள் எல்லாவற்றையும் பென்சிலால் மெல்ல மறைத்துவிட்டு மகளிடம் கொடுங்கள். எண் இல்லாமல் அவள் அதைக் கதையாகச் சொல்லட்டும்: இன்ன பொருள், இன்னது இப்படி இழுக்கிறது, இவ்வளவு ஆழத்தில், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையில். படம் வரைந்து சொன்னால் இன்னும் நல்லது. கதை சரியாக வந்த பிறகுதான் எண்ணைத் திறப்பது. முதல் இரண்டு கிழமையும் விடை வராவிட்டால் பரவாயில்லை, கதை வந்தால் போதும். ஒரு நாளைக்கு மூன்று கணக்குக்கு மேல் வேண்டாம். மூன்றாவது கிழமையில் இருந்து நேரம் வைத்துச் செய்யலாம், நீங்கள் கேட்ட அந்த நிறையக் கணக்குகளுக்கு அப்போதுதான் இடம்.

பின்னேரம் கடற்கரைக்குப் போகும்போது கரைவலை இழுப்பதைக் கண்டால் மகளிடம் இதைக் கேளுங்கள்: கயிறு இழுக்கும் ஒருவருக்கு ஈரமணலில் கால் வழுக்கிவிட்டது. அந்தக் கணத்தில் அவர் மேல் இருந்த நான்கு விசைகளில் எது குறைந்தது, அதைக் கொடுப்பவர் யார்?